ஏத்தங்காய்க்கு நான்கு பெயர்: இணையக் கடைக்கு ஆள் வரும் வழி

தமிழக-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில், சிப்ஸ் வறுக்கும் கடை வாசலில் கால் மணி நேரம் நின்றால், ஒரே பண்டத்துக்கு நான்கு பெயர்கள் காதில் விழும். குமரி மாவட்டத்துக்காரர் ஏத்தங்காய் சிப்ஸ் கேட்பார். கோயம்புத்தூரிலிருந்து வந்தவர் நேந்திரங்காய் சிப்ஸ் என்பார். எல்லைக்கு அப்பால் பாறசாலையிலிருந்து வருபவருக்கு அது உப்பேரி. கொச்சிப் பக்கத்தவர் 'காய வறுத்தது' என்பார். கடைக்காரர் யாரையும் திருத்துவதில்லை. எல்லோருக்கும் ஒரே சட்டியிலிருந்து அள்ளி, நிறுத்துக் கொடுக்கிறார். 1956 நவம்பர் 1 அன்று இந்த வட்டாரம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சொற்கள் மட்டும் இன்றும் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டிருக்கின்றன.

அதே கடைக்காரர் ஓர் இணையதளம் தொடங்கும்போது இந்த அறிவெல்லாம் கடை வாசலிலேயே நின்றுவிடுகிறது. தளத்தில் 'வாழைக்காய் சிப்ஸ்' என்று ஒரு பெயர் மட்டும் இருக்கும். ஆறு மாதம் கழித்து, 'தளம் இருக்கிறது, ஆள் வரவில்லை' என்பார். ஆள் வரவைப்பதாகச் சொல்லும் டிஜிட்டல் மார்க்கெட்டிங்காரர்கள் என்னதான் செய்கிறார்கள் என்பது பலருக்கும் மந்திர வேலை போலத் தோன்றுகிறது. என் பார்வையில் அதில் பெரும்பகுதி, கடைக்காரருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் தளத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. மீதி கணக்கு. இரண்டையும் கடைக்காரரே புரிந்துகொள்ளலாம். புரிந்துகொண்டால் ஏமாறாமலும் இருக்கலாம்.

தேடுபொறி படிக்கும் விதம்

நாம் தேடும் நொடியில் கூகுள் உலகம் முழுவதும் ஓடிப் பார்ப்பதில்லை. கிராலர் எனப்படும் மென்பொருள் இரவு பகலாக ஒரு பக்கத்தில் இருக்கும் இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போய், அங்குள்ள எழுத்தைப் படித்துவைக்கிறது. படித்ததெல்லாம் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல அடுக்கப்படுகிறது: இன்ன சொல் இன்னின்ன பக்கங்களில் இருக்கிறது என்று. நாம் தேடும்போது அந்த அடைவைப் புரட்டி, பொருத்தமானவற்றை வரிசைப்படுத்தித் தருகிறது. ஆகவே தளம் கண்ணில் பட மூன்று படி ஏற வேண்டும். கிராலர் வந்து சேர வேண்டும். வந்த பின் அதனால் படிக்க முடிய வேண்டும். படித்த பிறகு மற்றவர்களைவிட நம் பக்கம் பொருத்தமானது என்று அது முடிவு செய்ய வேண்டும்.

நான் பார்த்தவரை எங்கள் பக்கத்துச் சிறு தளங்கள் இரண்டாம் படியிலேயே தடுக்கி விழுகின்றன. அச்சகத்தில் அடித்த நோட்டீஸை அப்படியே படமாக்கி முகப்பில் ஏற்றிவிடுகிறார்கள். விலை, முகவரி, பண்டத்தின் பெயர் எல்லாம் படத்துக்குள் இருக்கும். மனிதக் கண்ணுக்கு அழகாகத் தெரியும். படத்துக்குள் இருக்கும் தமிழைத் தேடுபொறி ஒழுங்காக எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழுக்கும் இதே கதிதான். திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளுக்கான குறிகள். 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஒரு தமிழ்க் கடையின் பெயர் தமிழில் தேடினால் கிடைக்காமல் போவது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. மருந்து மிக எளிது: பெயரையும் விலையையும் முகவரியையும் யூனிகோடில் தட்டுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன படம் என்று ஒரு வரி விளக்கம் எழுதுங்கள்.

முதல் படியில் விழுபவர்களும் உண்டு. தளத்தைக் கட்டும்போது, வேலை முடியும்வரை தேடுபொறி வர வேண்டாம் என்று உருவாக்குபவர் ஒரு குறிப்பைப் போட்டுவைப்பார். வேலை முடிந்ததும் அதை எடுக்க மறந்துவிடுவார். கடை திறந்திருக்கும், ஆனால் வாசலில் 'உள்ளே வராதீர்கள்' பலகை தொங்கிக்கொண்டே இருக்கும். கூகுளின் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தைப் பதிவு செய்தால் இது தெரிந்துவிடும்.

மூன்றாம் படிதான் சொற்களின் வேலை. மக்கள் எந்தச் சொல்லால் தேடுகிறார்கள் என்று முதலில் கண்டுபிடிக்கிறார்கள். தேடல் பெட்டியில் பாதி சொல் தட்டியதும் கீழே விரியும் பரிந்துரைகள், கூகுள் டிரெண்ட்ஸ், விளம்பரதாரர்களுக்கான கீவேர்டு பிளானர் ஆகியவை இதற்குரிய கருவிகள். தமிழில் இன்னொரு சிக்கல், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும் பழக்கம். மார்த்தாண்டம் தேனை எடுத்துக்கொள்ளுங்கள். 'தேன்' என்பதை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகத் தட்டுகிறார்கள். அவற்றில் ஒரு விதம், ஆங்கிலத்தில் 'பிறகு' என்று பொருள்படும் சொல்லாகவே ஆகிவிடுகிறது. அந்த ஒற்றைச் சொல்லை நம்பினால் தேன் கிடைக்காது. அதனால்தான் ஊர்ப் பெயரோடு சேர்த்து 'மார்த்தாண்டம் தேன்' என்றும், 'சிறுதேன்', 'ரப்பர் தேன்' என்றும் இரண்டு மூன்று சொல் சேர்ந்த தொடர்களைக் குறிவைக்கிறார்கள். தேடுவோர் குறைவாக இருந்தாலும், அப்படித் தேடுபவர் எதை வாங்க வேண்டும் என்று தீர்மானித்தே வருகிறார்.

ஒரே பொருளுக்கு உரிய வேறு சொற்களைப் புரிந்துகொள்ளும் திறன் தேடுபொறிகளுக்கு இருக்கிறது. கூகுள் 2013-இல் ஹம்மிங்பேர்டு என்ற பெயரில் செய்த மாற்றத்தின் நோக்கமே தனித்தனிச் சொல்லைத் தாண்டிக் கேள்வியின் பொருளைப் பிடிப்பதுதான். ஆனால் குமரியின் ஏத்தங்காயும் கோவையின் நேந்திரங்காயும் ஒன்று என்று அது எப்போதும் அறிந்திருக்கும் என நம்பி உட்கார முடியாது. அதற்காக ஒவ்வொரு பெயருக்கும் ஒரே விஷயத்தை நகலெடுத்து நான்கு பக்கம் போடுவதும் தவறு. அது தேடுபொறியை ஏமாற்றும் முயற்சியாகக் கருதப்படலாம். பக்கத்தின் தலைப்பில் 'ஏத்தங்காய் சிப்ஸ்' இருக்கட்டும். முதல் பத்தியிலேயே, 'நேந்திரங்காய் சிப்ஸ் என்றும், கேரளத்தில் உப்பேரி, காய வறுத்தது என்றும் சொல்வார்கள்' என்று இயல்பாக ஒரு வரி வந்துவிட்டால் போதும். மலையாளம் படிப்பவர்களுக்கு மலையாள எழுத்தில் தனிப் பக்கம் வேண்டும். அது தமிழ்ப் பக்கத்தின் மலையாள வடிவம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடும் இருக்கிறது.

இங்கே ஒரு கண்ணியையும் சொல்லிவிட வேண்டும். திருவனந்தபுரம் பக்கம் உப்பேரி என்றால் வறுவல். மலபாரில் அதே சொல் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் காய்கறிப் பொரியலைக் குறிக்கும். கோழிக்கோட்டில் 'உப்பேரி' என்று தேடுபவர் பெரும்பாலும் சமையல் குறிப்புக்காக வருவார். சிப்ஸ் படத்தைப் பார்த்ததும் திரும்பிவிடுவார். சொல் ஒன்றாக இருந்தும் தேவை வேறாக இருப்பதைக் கண்டுகொள்வதில்தான் நல்ல மார்க்கெட்டிங்காரரின் திறமை தெரிகிறது. அந்த நுணுக்கம் கருவியில் வராது. ஊரைத் தெரிந்தவருக்கு வரும்.

வேறென்ன எழுதலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: தொலைபேசியில் வாடிக்கையாளர்கள் கேட்பதை ஒரு வாரம் குறித்துவையுங்கள். தேங்காய் எண்ணெயில் வறுத்ததா? எத்தனை நாள் மொறுமொறுப்பாக இருக்கும்? துபாய்க்கு எடுத்துப்போக எப்படிக் கட்டித் தருவீர்கள்? தேன் கடை என்றால், உறைந்த தேன் கலப்படமா என்பது கட்டாயம் வரும். தேனில் உள்ள குளுக்கோஸ் படிகமாவதால்தான் அது உறைகிறது. அதைக் கொண்டு மட்டும் கலப்படம் என்று சொல்ல முடியாது. இதை நேர்மையாக நான்கு வரியில் எழுதி, தேன்பெட்டியின் சொந்தப் படத்தைச் சேர்த்தால், அதே கேள்வியைத் தேடும் யாரோ ஒருவர் வருவார். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, ரப்பர் மரத்தின் இளந்தளிர்க் காம்பில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து வருகிறது என்பது வெளியூரில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த ஊர்க்காரர் எழுத வேண்டிய பக்கம் அது.

குறுக்கு வழிகள்

லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-இல் கூகுளைத் தொடங்கியபோது அவர்களிடம் இருந்த புதிய யோசனை, ஒரு பக்கத்தை வேறு எந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன என்று எண்ணிப் பார்ப்பது. சுட்டும் பக்கம் மதிப்புள்ளதாக இருந்தால் அதன் இணைப்புக்கும் மதிப்பு அதிகம். நல்ல யோசனை, உடனே அதை விலைக்கு வாங்கும் தொழிலும் முளைத்தது. 2006-இல் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளம், தேடுபொறிக்கு ஒன்றும் மனிதர்களுக்கு வேறொன்றும் காட்டிய குற்றத்துக்காகக் கூகுள் பட்டியலிலிருந்து சில நாட்கள் நீக்கப்பட்டது. 2011-இல் அமெரிக்காவின் ஜேசி பென்னி நிறுவனத்துக்காகச் சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்களில் இணைப்புகள் வைக்கப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. அதன் பிறகு அந்தக் கடையின் தேடல் இடம் சரிந்தது. அதே ஆண்டில் பாண்டா என்ற மாற்றம் உள்ளடக்கம் இல்லாத பக்கங்களையும், 2012-இல் பெங்குவின் என்ற மாற்றம் செயற்கை இணைப்புகளையும் குறிவைத்தன. அவ்வளவு பெரிய நிறுவனங்களே சறுக்கிய வழியில், 'ஆயிரம் இணைப்பு வாங்கித் தருகிறோம்' என்று இன்றும் சிறு கடைகளை இழுக்கிறார்கள். பக்கத்தின் பின்புறக் குறிப்பில் நூறு முக்கியச் சொற்களைத் திணித்துத் தருவதாகச் சொல்லிக் காசு வாங்குவோரும் உண்டு. அந்தக் குறிப்பை வரிசைப்படுத்தலுக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

நேர்மையான இணைப்பு உள்ளூரிலேயே கிடைக்கும். காய் கொடுக்கும் விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பு, பொருட்காட்சி நடத்தியவர்கள், பயணக் கட்டுரை எழுதுபவர்கள் எனக் கடையை உண்மையிலேயே அறிந்தவர்கள் தருவது அது. எண்ணிக்கையில் பத்து இருந்தாலும் நிற்கும்.

காசு கொடுத்து வரவழைத்தல்

இணையத்தின் முதல் பேனர் விளம்பரங்கள் 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு தளத்தில் வந்தன. அப்போது விளம்பரத்துக்குக் கொடுத்த காசு, பத்திரிகை விளம்பரம்போல இடத்துக்கான வாடகை. தேடல் சொல்லுக்கு ஏலம் விட்டு, யாராவது அழுத்தினால் மட்டும் காசு வாங்கும் முறையை 1998-இல் கோடூ என்ற நிறுவனம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கூகுள் 2000-இல் தன் விளம்பரச் சேவையைத் தொடங்கி, 2002-இல் ஏலத்துக்கு மாறியபோது ஒரு முக்கியமான திருத்தம் செய்தது: அதிகக் காசு சொன்னவருக்கு மட்டும் முதலிடம் என்றில்லாமல், விளம்பரம் எவ்வளவு பொருத்தமானது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டது.

இன்றைய ஏலத்தில் வேறு பல அம்சங்களும் சேர்கின்றன. அடிப்படையை ஓர் எடுத்துக்காட்டில் எளிமையாகப் பார்ப்போம். ஒரு பெரிய நிறுவனம் ஓர் அழுத்தலுக்கு 10 ரூபாய் சொல்கிறது. அதன் விளம்பரத்தின் தரம் 4. பெருக்கினால் 40. நம் களியக்காவிளைக் கடை 6 ரூபாய் சொல்கிறது. தேடியவர் கேட்ட சொல்லே விளம்பரத்திலும் போய்ச் சேரும் பக்கத்திலும் இருப்பதால் தரம் 8. பெருக்கினால் 48. மேலே வருவது நம் கடை. கொடுக்க வேண்டியதும் 6 ரூபாய் முழுவதும் அல்ல. அடுத்தவரின் 40-ஐத் தாண்டப் போதுமான அளவு, அதாவது 40-ஐ 8-ஆல் வகுத்த 5 ரூபாயும் சில காசுகளும். சரியான சொல்லை அறிந்த சிறு கடை பெரிய பணத்தை வெல்லும் வாய்ப்பு இங்கேதான் இருக்கிறது.

ஆனால் கணக்கை இத்துடன் நிறுத்தக் கூடாது. நூறு பேர் வந்தால் 500 ரூபாய் செலவு. அவர்களில் இருவர் வாங்கினால் ஒரு விற்பனைக்கு 250 ரூபாய் விளம்பரத்துக்கே போகிறது. அரைக் கிலோ பொட்டலத்தில் 60 ரூபாய்தான் லாபம் என்றால், விற்க விற்க நஷ்டம். அப்போது என்ன செய்யலாம்? மூன்று கிலோவுக்குக் குறையாத பொட்டலமாக விற்கலாம்; திருமண வீட்டார், அலுவலக ஆர்டர்களை மட்டும் குறிவைக்கலாம்; முதல் விற்பனையில் நஷ்டமானாலும் அதே வாடிக்கையாளர் எத்தனை முறை திரும்ப வாங்குகிறார் என்று பார்த்து முடிவெடுக்கலாம். இந்த மூன்றுக்கும் விடை இல்லாமல் விளம்பரத்தைத் தொடங்கச் சொல்பவரை நம்பாதீர்கள்.

எல்லைப் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. களியக்காவிளையை மையமாக வைத்து 20 கிலோமீட்டர் வட்டம் போட்டால் ஒரு பக்கம் குழித்துறையும் மார்த்தாண்டமும், மறுபக்கம் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அதற்குள் வரும். ஒரே வட்டத்தில் இரண்டு மாநிலங்கள், இரண்டு எழுத்துகள். தமிழில் மட்டும் விளம்பரம் எழுதினால் வட்டத்தின் ஒரு பக்கம் முழுவதும் கைவிட்டுப்போகும். இரண்டாக வெட்டி, ஒவ்வொரு மொழிக்கும் தனி விளம்பரமும் தனிப் பக்கமும் வைப்பதே முறை. இன்னொன்று: கூகுள் விளம்பரத்தில் இடத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்த இடத்தில் இருப்பவர்களோடு அதில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்ப்பதே வழக்கமான அமைப்பு. கன்னியாகுமரிக்குச் சுற்றுலா வர யோசிக்கும் டெல்லிக்காரருக்கும் உங்கள் காசில் விளம்பரம் போகும். கடைக்கு நேரில் வருபவர்கள் மட்டும் வேண்டுமென்றால் அதை மாற்றிவிட வேண்டும்.

வரைபடம், காணொலி, வாட்ஸ்அப்

நேரில் ஆள் வரும் கடைக்கு விளம்பரத்தைவிட முதலில் வேண்டியது கூகுள் வரைபடத்தில் சரியான பதிவு. காசு கிடையாது. பொருத்தம், தூரம், எவ்வளவு அறியப்பட்ட கடை என்ற மூன்றையும் வைத்து அங்கே வரிசை அமைகிறது. திறக்கும் நேரம், கடை முகப்பின் படம், ஊர்ப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பலர் தட்டும் விதத்தில் எழுதுவது ஆகியவை சின்ன வேலைகள்தான். காசு கொடுத்துப் பொய் மதிப்புரை வாங்குவது விதிமீறல். பதிவையே இழக்க நேரிடலாம்.

சமூக ஊடகம் வேறு வகை. தேடுபவர் தேவையோடு வருகிறார். ரீல்ஸ் பார்ப்பவர் பொழுதோடு வருகிறார். எண்ணெயில் காய் சீவி விழும் காட்சி லட்சம் பேரைச் சென்றடையலாம், மூன்றாம் நாள் மறந்தும் போகலாம். பார்த்தவர்களைத் தளத்துக்கோ வாட்ஸ்அப்புக்கோ கொண்டுவரும் ஒரு வரி இல்லாவிட்டால் எண்ணிக்கை மட்டுமே மிச்சம். பிரபலமானவருக்குக் காசோ பொருளோ கொடுத்துப் பேசவைத்தால், அது விளம்பரம் என்று அவர் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த நெறி.

வாட்ஸ்அப் பட்டியல்தான் எங்கள் ஊரில் நிஜமாகவே விற்பனை தருவது. வளைகுடாவில் ஆள் இருக்கும் குடும்பம் ஒன்று விடுமுறைக்கு முன் கிலோக் கணக்கில் வாங்கும். ஒரே நேரத்தில் பலருக்கும் அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல், உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும். ஆகவே பொட்டலத்தோடு, 'இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு சீட்டு வையுங்கள். கேட்காதவர்களுக்கு அனுப்பாதீர்கள். 1978-இல் அமெரிக்காவின் அர்பாநெட் வலைப்பின்னலில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரு கணினி விற்பனையாளர் அனுப்பிய செய்திதான் முதல் எரிதமாக, அதாவது ஸ்பேமாகச் சொல்லப்படுகிறது. அன்றைக்கே அதற்குத் திட்டுதான் வந்தது.

வந்தவர் மனிதர்தானா?

மாதம் சில நூறு ரூபாய்க்குப் பத்தாயிரம் பார்வையாளர்கள் என்ற செய்தி வராத வியாபாரியின் கைப்பேசி இந்த வட்டாரத்தில் இருக்காது. நானும் ஒரு நண்பரின் தளத்துக்காக அப்படி ஒருவருக்குக் காசு கட்டியிருக்கிறேன். எண்ணிக்கை சொன்னபடி ஏறியது. ஒரு கிலோகூட விற்கவில்லை. உள்ளே பார்த்தபோது பெரும்பாலான வருகை, நாங்கள் பார்சலே அனுப்பாத ஏதோ ஒரு நாட்டிலிருந்து. வந்த நொடியிலேயே வெளியேறியிருந்தது. ஒருவர்கூட இரண்டாம் பக்கத்தைத் திறக்கவில்லை. வந்தவை தானாக இயங்கும் நிரல்கள். ஏழைத் தொழிலாளியின் கூலிக்குச் சமமான தொகையை இப்படிப் பறிப்பதைத் திருட்டு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இதைக் கண்டறிய அளவீடு வேண்டும். அர்ச்சின் என்ற நிறுவனத்தை 2005-இல் வாங்கிய கூகுள், அதே ஆண்டில் அனலிட்டிக்ஸை இலவசமாகக் கொடுத்தது. வந்தவர் எந்த ஊரிலிருந்து, எந்த இணைப்பு வழியாக வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதெல்லாம் அதில் தெரியும். இணைப்பின் வாலில் ஒரு சிறு குறிச்சொல் சேர்த்தால் முகநூல் பதிவிலிருந்து வந்தவரையும் வாட்ஸ்அப்பிலிருந்து வந்தவரையும் பிரித்துப் பார்க்கலாம். சிறு கடைகளில் தளத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில்தான் ஆர்டர் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் கருவியில் பதிவாகாது. 'எங்கே பார்த்தீர்கள்?' என்று கேட்டு நோட்டில் குறிப்பதை நான் வற்புறுத்துவேன்.

2024 மே மாதம் அமெரிக்காவிலும் ஆகஸ்டில் இந்தியாவிலும், தேடல் முடிவுகளுக்கு மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்க விடையைக் கூகுள் காட்டத் தொடங்கியது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால் பலரும் தளத்துக்குள் வருவதில்லை. நேந்திரங்காயில் என்ன சத்து என்ற பொதுத் தகவலை நம்பிப் பார்வையாளர்களைச் சேர்த்த தளங்களுக்கு இது அடி. இன்று வறுத்த சிப்ஸின் விலை, எந்த பின்கோடுக்கு எத்தனை நாளில் போய்ச் சேரும், எங்கள் ஊரில் காயை எந்தப் பதத்தில் வெட்டுவோம் என்பதை எழுதிய பக்கத்துக்கு இன்னும் ஆள் வர வேண்டிய தேவை இருக்கிறது.

ஓணத்துக்கு உப்பேரியும் சர்க்கரை வரட்டியும் இலையில் கட்டாயம் வேண்டும். குமரியின் பல வீடுகளுக்கும் இது பொருந்தும். தேடல் ஏறுவது ஆவணியில். புதிய பக்கத்தைத் தேடுபொறி கண்டு, எடைபோட்டு, இடம் கொடுக்க நாட்களோ வாரங்களோ ஆகும். எனவே பக்கம் ஆனி மாதமே தயாராக வேண்டும். சென்ற ஆண்டு ஓணத்துக்குப் போட்ட பக்கம் இருந்தால் அதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள். அந்த முகவரிக்குப் பிறர் கொடுத்த இணைப்புகள் அங்கேயே தங்கியிருக்கும். அதே முகவரியில் விலையை மாற்றுங்கள். 629-இல் தொடங்கும் பின்கோடுகளுக்குக் கடைசி ஆர்டர் நாள் எது, எல்லைக்கு அப்பால் 695-இல் தொடங்குபவற்றுக்கு எது, வெளிமாநிலத்துக்கு எது என்று மூன்று தேதிகளையும் படமாக்காமல், எழுத்தாக, இரண்டு மொழிகளிலும் பக்கத்தின் தொடக்கத்திலேயே தட்டிவையுங்கள்.